மேசைமேல் ஏறி நின்றவர்

நடீன் ஒரு கையால் அப்பாவின் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டே, இன்னொரு கையால் படத்தைப் பின்னுக்கு ஓட்டினாள். திரையில் சிவப்புச் சட்டை போட்ட பையன் பந்தோடு பின்வாங்கி, நிமிர்ந்து, வீசினான். மறுபடியும் பின்வாங்கி, நிமிர்ந்து, வீசினான்.

"இது ஹால்வர்சன்ப்பா. தெரியுதா?"

எமில் சாபோ குச்சி முனையில் இருந்த பஞ்சை உறிஞ்சினார். கண் லேப்டாப் பக்கம்தான் இருந்தது. பார்க்கிறாரா, சும்மா திறந்திருக்கிறதா என்று சொல்ல முடியவில்லை.

முன்னறையில் சோபா இருந்த இடத்தில் இப்போது ஆஸ்பத்திரிக் கட்டில். ஆக்ஸிஜன் மெஷின் சுவரோரம் நின்று விடாமல் முனகிக்கொண்டிருந்தது. சமையலறை மேடையில் அக்கம்பக்கத்துக்காரர்கள் கொண்டுவந்து வைத்த நூடுல்ஸ் தட்டுகள், மூடிய காகிதம்கூடப் பிரிக்காமல், ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. ஜன்னலுக்கு வெளியே ஓஹையோவின் ஏப்ரல் மாதம், மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் கிடந்தது.

இன்று சாயங்காலம் டிராஃப்ட். அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை அணிகள், அதிகம் தோற்ற அணிக்கு முதல் இடம் என்ற வரிசையில் உட்கார்ந்து, கல்லூரியில் ஆடி முடித்த பையன்களைப் பேர் சொல்லி எடுத்துக்கொள்ளும் நாள். போன வருஷம் கேவலமாகத் தோற்ற காரணத்தால் சாபோ குடும்பம் வேலை செய்த அணிக்கு மூன்றாவதாக எடுக்கும் வாய்ப்பு கிடைத்திருந்தது. முன்னால் இருந்த இரண்டு அணிகளுக்கும் குவாட்டர்பேக் தேவையில்லை. பந்தை வீசி ஆட்டத்தையே நடத்துகிற அந்த ஒருவனை இவர்கள் இஷ்டப்படி எடுக்கலாம். எடுக்கத் தகுந்தவர்கள் இரண்டே பேர். மினசோட்டா பையன் ஹால்வர்சன், லூசியானா பையன் டில்லார்ட். இதில் தப்பாக எடுத்தால் அணி இன்னும் ஐந்து வருஷத்துக்கு எழுந்திருக்காது. எடுத்தவர்களுக்கு வேலையும் இருக்காது.

பையன்களை எடை போடுவதுதான் எமிலின் வேலை. ஊர் ஊராகக் காரில் போய், மைதானத்து ஓரத்தில் நின்று, இவன் தேறுவான், இவன் தேறமாட்டான் என்று எழுதி அனுப்புவது. நடீனும் அதே அணியில் அதே வேலைக்கு வந்து சேர்ந்திருந்தாள். 'சாபோ பொண்ணு' என்றுதான் ஆபீசில் அவளுக்குப் பேர். இந்த வருஷம் முழுக்க அவள் டில்லார்டுக்காகப் பேசியிருந்தாள். எமில் வாயே திறக்கவில்லை. கடைசி வாரம் வரைக்கும் எந்தப் பேரையும் சொல்லாதது அவர் வழக்கம். கடைசி வாரம் வந்தபோது அவரால் எழுந்து உட்கார முடியவில்லை.

போன் அடித்தது. கர்ட்டிஸ்.

கர்ட்டிஸ் பெல்தான் இப்போது அணியின் மேலாளர். இருபது வயதில் எமிலின் பையைத் தூக்கிக்கொண்டு வந்தவன், இன்று எமிலுக்கு மேலே உட்கார்ந்திருந்தான்.

"நடீன், அவரு முழிச்சிருக்காரா?"

"முழிச்சிருக்காரு. ஆனா…"

"ஸ்பீக்கர்ல போடு. எல்லாரும் இங்கதான் இருக்கோம். காலையிலேர்ந்து சண்டை. பாதிப் பேரு ஹால்வர்சன், பாதிப் பேரு டில்லார்ட். முதலாளி என் முகத்தையே பாத்துட்டு உக்காந்திருக்காரு. எமில் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அந்தப் பேரை அனுப்பிடுறேன்."

"கர்ட்டிஸ், மருந்து கொடுத்து ஒரு மணி நேரம்கூட ஆகல."

"ஒரு வார்த்தைதானே கேக்கறேன்."

அவள் அம்மாவைப் பார்த்தாள். லோர்னா கட்டிலின் மறுபக்கம் உட்கார்ந்து, எமிலின் காலுறையைச் சரி செய்துகொண்டிருந்தாள். 'போடு' என்று கண்ணால் காட்டினாள்.

நடீன் போனைத் தலையணை மேல் வைத்தாள்.

"எமில், நான் கர்ட்டிஸ். கேக்குதா?"

எமில் புருவத்தைச் சுருக்கினார். "யாரு, கர்ட்டிஸா? காப்பி கொண்டாந்தியா?"

மறுமுனையில் பத்துப் பதினைந்து பேர் சிரிக்கும் சத்தம். சிரிப்பில் நெகிழ்ச்சியும் இருந்தது.

"கொண்டு வரேன், எமில். இப்ப ஒண்ணு சொல்லுங்க. ஹால்வர்சனா, டில்லார்டா? யாரை எடுக்கறது?"

ஆக்ஸிஜன் மெஷின் ஒரு சுற்று முனகி முடித்தது.

"ஹால்வர்சன்," என்றார் எமில்.

அங்கே அறையே மூச்சைப் பிடித்துக்கொண்டது போனிலேயே தெரிந்தது.

"நிச்சயமாவா, எமில்?"

"அந்தப் பையன்தான்." திடீரென்று குரல் தெளிந்துவிட்டது. ஒரு மாதமாக அவர் இப்படிப் பேசி நடீன் கேட்டதில்லை. "எடுங்கடா. இந்தத் தடவையாவது எடுங்க."

மறுமுனையில் கைதட்டல், மேசை தட்டும் சத்தம், நாற்காலிகள் இழுபடும் சத்தம். யாரோ கத்தினார்கள்: "நடீன், உங்கப்பா போற போக்குல உன் ஆளைக் கவுத்துட்டாரு பாத்தியா?" இன்னொருவன், "இந்தத் தடவை மேசை மேல ஏறாமலே சாதிச்சுட்டாருப்பா," என்றான். மறுபடியும் சிரிப்பு.

அந்தச் சத்தத்துக்கு அடியில் எமில் பேசிக்கொண்டேயிருந்தார். அங்கே யாருக்கும் கேட்கவில்லை. இங்கே இரண்டு பேருக்குக் கேட்டது.

"இடது குதிகாலை ரெண்டு தட்டு தட்டுவான். அப்புறம்தான் வீசுவான். களஞ்சியக் கதவுல பாரு, ஒரே இடத்துல அடிச்சு அடிச்சு ஓட்டை… அவங்கம்மா அந்தப் பிளம்ஸ் வெச்ச ரொட்டி… இன்னொண்ணு சாப்பிடுங்கன்னு…"

"நன்றி, எமில். தூங்குங்க," என்றான் கர்ட்டிஸ். போன் நின்றது.

நடீன் திரையைப் பார்த்தாள். படம் பாதியில் நின்றிருந்தது. ஹால்வர்சன் பந்தைக் காதருகே பிடித்திருந்தான். அவன் இடது குதிகாலைத் தட்டுகிறவன் இல்லை. மினியாபொலிஸ் நகரத்தில் ஒரு அடுக்குமாடி வீட்டின் ஏழாவது மாடியில் அப்பாவிடம் வளர்ந்தவன். அவன் பேச ஆரம்பிக்கும் முன்பே அம்மா இறந்துவிட்டாள். களஞ்சியத்தை அவன் படத்தில்தான் பார்த்திருப்பான்.

லோர்னா எழுந்து சமையலறைக்குப் போனாள். நடீன் பின்னாலேயே போனாள்.

"அம்மா, அவர் சொன்னது ஹால்வர்சன் இல்ல."

லோர்னா குழாயைத் திறந்து, கழுவியிருந்த கோப்பையையே மறுபடியும் கழுவினாள்.

"அம்மா."

"தெரியும்," என்றாள் லோர்னா. "கெல்னர். நெப்ராஸ்கா பையன். அந்த ரொட்டியைப் பத்தி முப்பது வருஷமாக் கேட்டுட்டிருக்கேன். எனக்குத் தெரியாதா?"

கெல்னர் கதை ஆபீசில் எல்லாருக்கும் தெரியும். டிராஃப்டுக்கு முன்னால் நடக்கும் கடைசிக் கூட்டத்தில், ஒரு பையனுக்காகத் தன் வேலையையே பணயம் வைக்கத் தயாராக இருப்பவன், 'இவனுக்காக நான் மேசை மேல ஏறி நிப்பேன்' என்று சொல்வது வழக்கம். சொல்வதோடு சரி. யாரும் ஏறுவதில்லை. எமில் ஒருவர்தான் ஏறினார், பூட்ஸ் காலோடு. காப்பி ஜாடி கவிழ்ந்து அப்போதைய மேலாளரின் மடியெல்லாம் நனைந்தது. துடைக்கத் துணி கொண்டு ஓடிவந்தது கர்ட்டிஸ். அவ்வளவு செய்தும் கெல்னரை அவர்கள் எடுக்கவில்லை. வேறு அணி எடுத்தது. அவன் அந்த அணிக்கு இரண்டு கோப்பை வென்று கொடுத்தான். இவர்கள் எடுத்த பையன் இப்போது டென்னஸியில் கார் விற்கிறான்.

"அப்ப கர்ட்டிஸ்கிட்ட சொல்லணும்ல?" என்றாள் நடீன்.

"என்னன்னு சொல்லுவ?"

"அப்பா வேற ஆளை நினைச்சுப் பேசினாருன்னு."

லோர்னா குழாயை மூடினாள். "உங்கப்பா வாழ்க்கையில ஒரே ஒரு தடவை ஏறி நின்னாரு. சிரிச்சாங்க. இன்னி வரைக்கும் சிரிக்கறாங்க, இப்பகூடக் கேட்டேல்ல? இன்னிக்கு அதே அறை அவர் ஒரு வார்த்தை சொன்னதும் கை தட்டுது. அவர் காதுல அது விழுந்துச்சு. அதை நீ பிடுங்கப் போறியா?"

"அது அவர் வார்த்தையே இல்லம்மா."

"உனக்கு டில்லார்ட் வேணும்."

நடீனுக்கு முகத்தில் அறை வாங்கியது போல இருந்தது. ஏனென்றால் அவளும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அப்பா 'டில்லார்ட்' என்று சொல்லிவிட்டு அதே குதிகாலையும் அதே ரொட்டியையும் சொல்லியிருந்தால், தான் இப்படி வந்து நின்றிருப்பாளா? வாயை மூடிக்கொண்டு சந்தோஷமாக இருந்திருப்பாளோ?

"நான் சொல்றதைச் சொல்லிட்டேன்," என்றாள் லோர்னா. கோப்பையைத் துடைத்து அலமாரியில் வைத்தாள். "அவர் இருக்கற வரைக்கும் இந்த வீட்டுல அந்தப் பேச்சு வேண்டாம்."

மத்தியானம் முழுக்க நடீன் கட்டிலருகிலேயே உட்கார்ந்து படத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டினாள். தன் கண்ணையே நம்பாதவளாக, ஹால்வர்சனை விரும்ப முயன்று பார்த்தாள். விரும்புவதற்கு நிறைய இருந்தது. உயரம், கை பலம், பந்து கையை விட்டுப் போகும் அழகு. ஆனால் இடது பக்கத்திலிருந்து எதிராளி பாய்ந்தால், அவன் கண் தூரத்தில் ஓடும் தன் ஆட்களை விட்டுவிட்டுப் பாய்கிறவன் மேல் இறங்கியது. ஒரு இமைப் பொழுதுதான். கல்லூரியில் அந்த இமைப் பொழுதை மன்னிப்பார்கள். தொழில்முறை ஆட்டத்தில் மன்னிக்க மாட்டார்கள். டில்லார்டை அவள் ஷ்ரீவ்போர்ட்டில் கொட்டுகிற மழையில் பார்த்திருந்தாள். இரண்டு பேர் சேர்ந்து அவனை மடக்கி விழுத்தாட்டியபோதும், விழுந்துகொண்டே, முகம் மட்டும் தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. அதைப் பார்த்த அன்றே அப்பாவுக்குப் போன் செய்து சொன்னாள். "ஓ," என்றார் எமில். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. அந்த 'ஓ'வைத்தான் குளிர்காலம் முழுக்க அவள் கொண்டுதிரிந்தாள்.

ஒருமுறை அம்மா மாடிக்குப் போன சமயத்தில் அவள் குனிந்து அவர் காதருகே கேட்டாள்.

"அப்பா, இந்தப் பையனைப் பாருங்க. இடது பக்கம் ஆள் வரான். அவன் கண்ணைப் பாருங்கப்பா. இவனா நீங்க சொன்ன பையன்?"

எமில் உதட்டை அசைத்தார். அவள் காதை வைத்தாள்.

"வண்டியில பெட்ரோல் போட்டாச்சா?"

"போட்டாச்சுப்பா."

"அப்ப சரி," என்றார்.

அதன்பிறகு அவர் பேசவில்லை. மூச்சு மாற ஆரம்பித்திருந்தது. ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவில் வீடே காத்துக்கொண்டிருந்தது.

நான்கு மணி வாக்கில் நர்ஸ் யோலாண்டா வந்தாள். எமிலின் விரல் நகங்களைப் பார்த்தாள், முழங்காலைத் தொட்டுப் பார்த்தாள், போர்வையை மறுபடியும் நன்றாக இழுத்துவிட்டாள். லோர்னாவின் தோளில் கை வைத்து, "இன்னிக்குத்தான், மிஸ் லோர்னா. போன் பண்ண வேண்டியவங்களுக்குப் பண்ணிடுங்க," என்றாள். பிறகு, அந்த வார்த்தையின் கனத்தைக் கொஞ்சம் இறக்கி வைக்க நினைத்தவள் போல, "என் வீட்டுக்காரரு கேட்டுட்டு வரச் சொன்னாரு. நான் கேக்க மாட்டேன்னுட்டேன். யாரை எடுக்கப் போறாங்கன்னு உங்க வீட்டுச் சுவருக்குக்கூடத் தெரிஞ்சிருக்கும், ஆனா சொல்ல மாட்டீங்க," என்றாள்.

லோர்னா சிரித்தாள். "சுவரு ரொம்ப அழுத்தம்மா. என்கிட்டயே சொல்லாது."

நடீன் சிரிக்கவில்லை. போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.

வாசலில் அப்பாவின் கார் நின்றது. அவள் அதில் சாய்ந்துகொண்டு கர்ட்டிஸின் எண்ணை அழுத்தினாள். ஒரே ஒரு தடவை மணி அடித்ததும் நிறுத்திவிட்டாள். என்ன சொல்வது? எமில் சாபோவுக்குக் கடைசியில் புத்தி தடுமாறிவிட்டது, அவர் சொன்னதைக் கணக்கில் எடுக்காதீர்கள் என்றா? நாளைக்கு அது நாடு முழுக்கப் பரவும். இந்தத் தொழிலில் இருப்பவர்கள் வம்பு பேசுவதற்கென்றே பிறந்தவர்கள். சவ அடக்கத்துக்கு வரும்போது ஒவ்வொருவனும் அதைச் சொல்லிக்கொண்டுதான் வருவான். 'பாவம், கடைசியில ஆள் கூட அடையாளம் தெரியல.' அவளுக்கு அது சகிக்காது. சொல்லாமல் விடுவதோ? அந்தப் பையன் ஹால்வர்சன், தனக்காகச் சொல்லப்படாத ஒரு சான்றைச் சுமந்துகொண்டு வந்து நிற்பான். கண் கீழே இறங்கும் ஒவ்வொரு தடவையும் 'எமில் சொன்ன பையன்' என்பார்கள். மூன்று வருஷம் கழித்து, எமில் தப்பாகச் சொன்னார் என்பார்கள்.

கதவு திறந்தது. யோலாண்டா எட்டிப் பார்த்தாள்.

"நடீன், உள்ள வாம்மா."

அவள் போய் நின்றபோது எமிலின் வாய் லேசாகத் திறந்திருந்தது. லோர்னா அவர் கையைத் தன் இரண்டு கைக்குள் வைத்திருந்தாள். ஒரு மூச்சு வந்தது. அடுத்த மூச்சுக்கு மூன்று பேரும் காத்திருந்தார்கள். அது வந்தது, சின்னதாக. பிறகு மறுபடியும் காத்திருந்தார்கள். மெஷின் முனகியது. இன்னும் காத்திருந்தார்கள். யோலாண்டா மெதுவாகக் கையை நீட்டி மெஷினை அணைத்தாள். வாரக்கணக்கில் காதுக்குப் பழகிப்போன சத்தம் நின்றதும், வீட்டுக்கு வெளியே ஏதோ ஒரு பறவை கத்திக்கொண்டிருப்பது கேட்டது.

லோர்னா அழவில்லை. குனிந்து, அவர் சட்டையின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.

யோலாண்டா தன் வேலைகளை முடித்துவிட்டு, சவ அடக்கக்காரர்களுக்குப் போன் செய்தாள். ஊர் எல்லையில் ஏதோ விபத்து, வர எட்டு மணிக்கு மேலாகும் என்றார்கள். "நான் இருக்கட்டுமா?" என்று கேட்டாள். லோர்னா வேண்டாம் என்று தலையசைத்தாள். யோலாண்டா இரண்டு பேரையும் கட்டிக்கொண்டுவிட்டுப் போனாள்.

ஜன்னலில் வெளிச்சம் மஞ்சளாகிச் சாய்ந்தது. லோர்னா எழுந்து, சத்தத்தை முழுதாகக் குறைத்துவிட்டு, டிவியைப் போட்டாள்.

"ஒரு வருஷம்கூட விட்டதில்ல," என்றாள். யாரிடம் சொன்னாள் என்று தெரியவில்லை.

திரையில் பெரிய மேடை. கூட்டம் வாய் திறந்து கத்தியது, சத்தமே இல்லாமல். முதல் அணி ஒரு பையனை எடுத்தது. தடித்த கழுத்துள்ள அந்தப் பையன் தொப்பியை மாட்டிக்கொண்டு அழுதான். இரண்டாவது அணி எடுத்துக்கொண்டிருந்தபோது நடீன் எழுந்தாள்.

"அம்மா, அவர் இருக்கற வரைக்கும் வேண்டாம்னு சொன்ன."

லோர்னா அவளைப் பார்த்தாள். தடுக்கவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. எமிலின் முகத்தைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

திரையின் கீழே அவர்கள் அணியின் சின்னம் வந்தது. பக்கத்தில், பேர் சொல்ல அவர்களுக்கு மிச்சமிருந்த நேரத்தைக் காட்டும் கடிகாரம் இறங்க ஆரம்பித்தது. நடீன் கர்ட்டிஸின் எண்ணை அழுத்தினாள். கடைசி மணியில்தான் எடுத்தான்.

"நடீன்? இப்பவா? எங்க கடிகாரம் ஓடுது."

"தெரியும். அங்கேர்ந்து கொஞ்சம் வெளிய வாங்க. உங்ககிட்ட மட்டும் பேசணும்."

கதவு மூடும் சத்தம். "எமில் எப்படி இருக்காரு?"

நடீன் வாயைத் திறந்தாள். இறந்துவிட்டார் என்று இப்போது சொன்னால், அதற்குப் பிறகு எதைச் சொன்னாலும் எடுபடாது. 'ஹால்வர்சன்' என்பது மரண வாக்கு ஆகிவிடும். அதை எவனும் தொடமாட்டான்.

"தூங்குறாரு," என்றாள்.

கட்டிலருகே லோர்னாவின் தலை நிமிர்ந்தது.

"சரி. சீக்கிரம் சொல்லு."

"மத்தியானம் நீங்க எல்லாரும் கை தட்டினப்ப அப்பா பேசிட்டே இருந்தாரு. உங்களுக்குக் கேக்கல. அவர் ஹால்வர்சனைப் பத்திப் பேசல, கர்ட்டிஸ். நீங்க ரெண்டு பேரைச் சொல்லிக் கேட்டீங்க, முதல் பேரைத் திருப்பிச் சொன்னாரு, அவ்வளவுதான். அவர் மனசுல இருந்தது வேற பையன்."

"வேண்டாம், நடீன்," என்றான் கர்ட்டிஸ். "இன்னிக்கு இதைச் செய்யாத. உனக்கு டில்லார்ட் மேல ஆசை. அது எனக்கும் தெரியும், காவக்காரனுக்கும் தெரியும். அதுக்காக உங்கப்பா வாயில வார்த்தையை மாத்தி வைக்காத."

"ஆசைதான். இல்லேன்னு சொல்லல. ஆனா நான் கேட்டது கேட்டதுதான்."

"என்ன கேட்ட?"

"களஞ்சியக் கதவுல ஓட்டைன்னாரு. பிளம்ஸ் வெச்ச ரொட்டின்னாரு. இடது குதிகாலைத் தட்டுவான்னாரு."

கடிகாரம் பாதியைத் தாண்டியிருந்தது. டிவியில் அணியின் அறையைக் காட்டினார்கள். நீள மேசை, நிறைய ஆட்கள், மேசையின் தலைப்பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"எத்தனை தட்டு?" என்று கேட்டான் கர்ட்டிஸ். குரல் மாறியிருந்தது.

"ரெண்டு."

அவன் மூச்சு விடுவது கேட்டது. "அந்த மேசையை நான்தான் தொடைச்சேன்," என்றான். "மூணு துணி. எமில் மேசை மேலயே நின்னுட்டு, தொடைக்கறதை அப்புறம் வெச்சுக்கோடா, முதல்ல இவங்களைக் கேக்கச் சொல்லுன்னாரு. இப்ப உள்ள போய் நான் என்ன சொல்றது? எமில் சாபோவுக்குப் புத்தி கலங்கிடுச்சுன்னா?"

"அதைச் சொல்லாதீங்க. அவர் சொன்னது சொன்னபடியே இருக்கட்டும். நான் போன் பண்ணி உங்க மனசைக் கலைச்சுட்டேன்னு சொல்லுங்க. டில்லார்டுக்காக நான் நிக்கறேன். தப்பாப் போனா என் வேலையை எடுத்துக்கோங்க."

"சாகக் கிடக்கற அப்பன் பேச்சை மீறினவள்னு சொல்லுவாங்க, நடீன். நீ எந்த மைதானத்துக்குப் போனாலும் முதுகுக்குப் பின்னால சொல்லுவாங்க. அந்தப் பையன் தேறினானா இல்லையான்னு தெரியவே மூணு வருஷம் ஆகும்."

"சொல்லட்டும்."

"டில்லார்ட் தேறலேன்னா?"

"தெரியல, கர்ட்டிஸ். தேறுவான்னு நினைக்கறேன். விழும்போதுகூட அவன் கண்ணு கீழ இறங்கல."

போன் வைக்கப்பட்டது. அவன் சரி என்றும் சொல்லவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை.

நடீன் திரும்பி அம்மாவைப் பார்க்கத் துணியவில்லை. டிவியையே பார்த்துக்கொண்டு நின்றாள். திரையில் கர்ட்டிஸ் உள்ளே வந்தான். நாற்காலியில் உட்காராமல் நின்றபடியே ஏதோ சொன்னான். மேசையைச் சுற்றியிருந்த தலைகள் திரும்பின. ஒருவன் கையை விரித்தான். வெள்ளை முடிக்கார முதலாளி முன்னால் சாய்ந்தார். உடனே படம் மாறி விளம்பரம் வந்தது. பீர், ஒரு லாரி, ஒரு நாய்.

மறுபடி மேடை வந்தபோது கடிகாரம் நின்றிருந்தது. கோட்டுப் போட்டவர் கையில் அட்டையோடு நடந்து வந்தார். உதடு அசைந்தது. கூட்டம் எழுந்தது, பாதிப் பேர் தலையில் கை வைத்தார்கள். திரையின் அடியில் எழுத்து ஓடியது.

டில்லார்ட்.

ஏதோ ஒரு வீட்டின் கூடத்தைக் காட்டினார்கள். நெருக்கியடித்த கூட்டத்தின் நடுவே அந்தப் பையன், எழுந்திருக்கத் தெரியாதவன் போல, உட்கார்ந்தே இருந்தான். சுற்றியிருந்தவர்கள் அவனைப் பிடித்துத் தூக்கினார்கள்.

நடீன் நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை முழங்காலுக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

"தூங்குறாருன்னு சொன்ன," என்றாள் லோர்னா.

"ஆமா."

"நீ அவர் பேரைக் கெடுக்கல."

நடீன் போனைக் கட்டில் விளிம்பில் வைத்தாள்.

போன் அடித்தது. இரண்டு பேரும் அதையே பார்த்தார்கள். நடீனின் கை எழவில்லை. அடித்துக்கொண்டேயிருந்தது. லோர்னா கட்டிலைச் சுற்றி வந்து, அதை எடுத்துக் காதில் வைத்தாள்.

"சொல்லு, கர்ட்டிஸ்… ஆமா, நான்தான். பாத்தோம்."

அவன் குரல் அறைக்குள் மெல்லியதாகக் கேட்டது. "போனை அவர் காதுல வைங்க, லோர்னா. நான் அவர்கிட்ட சொல்லணும். கெல்னர் விஷயத்துல நீங்க சரின்னு ஒரு தடவை சொல்லணும். அவர் தூங்கினாலும் பரவால்ல."

"போயிட்டாருப்பா," என்றாள் லோர்னா.

மறுமுனையில் ஒரு கதவு மூடும் சத்தம் கேட்டது.

"எப்போ?"

லோர்னா மகளைப் பார்த்தாள். நடீனின் முகத்தில் டிவியின் வெளிச்சம் மாறிமாறி விழுந்துகொண்டிருந்தது. அவள் கண்ணை மூடவில்லை.

"இப்பத்தான்," என்றாள் லோர்னா. "இப்ப… இந்தப் பேரு வந்துச்சே, அதுக்கப்புறம்தான்."

வெளியே கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. வாசல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம், கறுப்புக் கோட்டுப் போட்ட சவ அடக்கக்காரர்கள் இரண்டு பேர் படியேறி வந்து, மிதியடியில் கால்களைத் தேய்த்தார்கள். ஒருவர் மணியை அடிக்கக் கையைத் தூக்கினார். லோர்னா காதிலிருந்து போனை எடுக்காமல், இன்னொரு கையை உயர்த்தி, கொஞ்சம் பொறுங்கள் என்று காட்டினாள்.